பட்டா இல்லாத தண்ணீர்

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு ஒரு சொல்லைக் கண்டால் பேனா தானாக நின்றுவிடும். 'புறம்போக்கு'. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று என்று ஒரு உழவர் கொண்டுவரும் காகிதக் கட்டில் எங்காவது அந்தச் சொல் தலைகாட்டினால், அந்தத் துண்டு நிலத்துக்கு வங்கிக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, கடனும் கிடையாது. மேய்க்கால், ஓடை, ஏரி உள்வாய், களம், சுடுகாடு, கழிமுகம் எல்லாம் அதில் அடக்கம். ஊரே பிழைக்கிற இடங்கள் காகிதத்தில் யாருக்கும் சொந்தமில்லாத இடங்களாக இருக்கின்றன.

இந்த விசித்திரத்தைப் பற்றி என் நண்பரும் நானும் போன புரட்டாசியில் ஒரு நாள் முழுக்கப் பேசினோம். பேசினோம் என்பதைவிட, ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை அதைப் பார்த்துக்கொண்டே போனோம் என்று சொல்லலாம்.

நண்பர் என் கிளையில் தலைமைக் காசாளராக இருந்தவர். பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். ஓய்வுக்குப் பிறகு நான் பூண்டிப் பக்கம் நிலம் வாங்கி ரசாயனம் இல்லாமல் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் மகனைப் பார்க்க அமெரிக்கா போய், நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். வரும்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு மண் கலயமும், போன் நிறைய மண் வீடுகளின் படங்களும் கொண்டுவந்தார். புவெப்லோ மக்களுடைய ஊர்கள். நியூ மெக்சிகோவில் மட்டும் இன்றைக்கு 19 ஊர்கள் இருக்கின்றன. தாவோஸ் என்ற ஊரில் மண் கல்லால் கட்டிய அடுக்கு வீடுகளில் பல நூற்றாண்டுகளாக மக்கள் குடியிருக்கிறார்கள். மண் பூச்சைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். சக்கரம் இல்லாமல், மண்ணைத் திரி திரியாக உருட்டி அடுக்கியே பானை வனைகிறார்கள். சோளத்துக்காக ஆடுகிறார்கள், மழைக்காக ஆடுகிறார்கள்; பல ஊர்களில் அந்த ஆட்டத்தை வெளியாள் படம் எடுக்கவே கூடாது.

நமக்குப் பிடிக்கிற விஷயம் ஒன்று. அங்கே ஸூனி என்ற ஊரில், பாத்தியைச் சுற்றி மண் வரப்பு கட்டி, நடுவைப் பள்ளமாக விட்டு, ஊற்றுகிற குடம் தண்ணீர் அங்கேயே நிற்கும்படி காய்கறி போடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். வறட்சி நிலத்தில் கொத்தமல்லி போடுகிற எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

"மேனேஜர் சார், புவெப்லோன்னா ஸ்பானிஷ்ல ஊருன்னு அர்த்தம். நம்ம பாஷையில சொன்னா குப்பம். அதைப் பார்க்க நான் பதினாயிரம் மைல் போனேன். வாங்க, பொறந்த குப்பத்தைக் காட்டுறேன்" என்று அவர் போனில் கூப்பிட்டார். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. என் கிணற்றுக்கு ஊற்று தருகிற கொசஸ்தலையாறு எண்ணூரில்தான் கடலில் சேர்கிறது. அதன் தலைப்பக்கம் உழுகிற நான் அதன் வாயைச் சரியாகப் பார்த்ததில்லை.

காலையில் ராயபுரம் ஸ்டேஷனில் சந்தித்தோம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. எங்கள் திருவள்ளூர் வழியாகப் போன தடம் அது. ராயப்பர் என்றால் பீட்டர். அந்தப் பெயரில்தான் இந்தப் பேட்டைக்கே பெயர். அங்கிருந்து காசிமேடு. புரட்டாசி ஆதலால் மீன் விலை இறங்கியிருந்தது. ஏலம் போடுகிற பெண்கள் குரல் மட்டும் இறங்கவில்லை.

நம் வாசகர்களில் பலர் மீன் அமிலத்துக்குக் கழிவு வாங்க இந்தத் துறைமுகத்துக்கு வந்திருப்பீர்கள். மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம அளவு, மூடி வைத்தால் மூன்று வாரம், பிறகு வடிகட்டித் தெளிப்பது. நாம் அதைக் குப்பையாக வாங்கி உரமாக்குகிறோம். ஆனால் அந்தக் குப்பை எந்தத் தண்ணீரிலிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள் என்பது என் கருத்து. ஆழ்கடலில் பிடித்த மீனும், தொழிற்சாலைக் கழிவு கலக்கிற கழியில் பிடித்ததும் ஒன்றல்ல. நஞ்சில்லா உணவு என்று பலகை வைத்துவிட்டு நஞ்சை டப்பாவில் அடைத்துத் தெளிக்கக் கூடாது.

டீக்கடையில் இரண்டு பையன்கள் மேசையைத் தட்டி கானா பாடிக்கொண்டிருந்தார்கள். கானா இந்த வடசென்னையின் பிள்ளை. சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து, போனவரின் பெயரையும் குணத்தையும் பாட்டிலே கட்டி அனுப்புகிற கலை. கானா பாலா சினிமாவுக்குக் கொண்டுபோனார். பா. ரஞ்சித் ஆரம்பித்துவைத்த 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடைக்குக் கொண்டுபோனது. "தாவோஸ்ல ஆட்டத்தை படம் எடுக்க விடமாட்டாங்க. இங்க சாவு வூட்டுலயே மைக் வெச்சிடுவோம். அவ்ளோதான் வித்தியாசம்" என்றார் நண்பர்.

திருவொற்றியூர்க் கோயிலில் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் நின்றுவிட்டோம். பட்டினத்தார் அடங்கிய ஊர், சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர், தியாகராஜர் வந்து வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனை செய்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆதிபுரீஸ்வரர் வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் இல்லாத தரிசனம். செக்கு ஆட்டிப் பிழைப்பவர்களுக்கு இது சொந்தக் கோயில் மாதிரி. இங்கே விளக்கெரித்த கலிய நாயனார் எண்ணெய் வாணியர்.

என்னை நிறுத்தியது கல்வெட்டு. மூலவர் இருக்கிற விமானம் பின்பக்கம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி இருக்கும். ராஜேந்திர சோழன் காலத்தில் அதைக் கருங்கல்லில் எடுத்த தச்சனின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது: ரவி என்ற வீரசோழத் தச்சன். ராஜா பெயர் ஆயிரம் இடத்தில் இருக்கும், கொத்தனார் பெயர் இருப்பது அபூர்வம். அதைவிடப் பழைய கல்வெட்டுகளில், பக்கத்து ஊர்ச் சபைகளிடம் பொன்னைக் கொடுத்து, அதன் வட்டியில் விளக்கெரிக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அசல் கைவைக்கப்படாது, வட்டி நெய்யாக வரும். நிரந்தர வைப்பு நிதி. நண்பர் சிரித்துக்கொண்டே, "சார், டெபாசிட் ரசீது ஆயிரத்து நூறு வருஷமா பத்திரமா இருக்கு பாருங்க" என்றார்.

நிலத்தையும் பொன்னையும் கல்லில் எழுதிவைத்தார்கள். சில மைல் தள்ளியிருக்கிற கழியில் யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்பதை யாரும் கல்லில் எழுதவில்லை. அது வாயிலும் கையிலும்தான் வந்தது.

மத்தியானம் எண்ணூர் போனோம். சின்னக்குப்பம், பெரியகுப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், காட்டுக்குப்பம். நண்பர் பெயர்களைச் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் பக்கத்துப் பாக்கங்கள் ஞாபகம் வந்தன. காட்டுக்குப்பத்தில் வலையை மரத்தடியில் போட்டு ஓட்டை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தோம். நண்பருக்குத் தூரத்து உறவு, மாமா முறை.

"இது எங்க வயலு" என்று கழியைக் காட்டினார். "நீங்க நாத்து நடுறீங்க, நாங்க கழி நட்டு வலை கட்டுறோம்."

அவர்கள் அதற்குப் 'பாடு' என்கிறார்கள். பழவேற்காடு ஏரியில் உள்ள பாடு முறையைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எண்ணூர்க் கழியிலும் அதே மரபுதான். இறால் ஓடுகிற நீரோட்டத்தில் குறிப்பிட்ட இடங்கள்தான் வலைக்கு நல்ல இடம். எல்லாரும் ஒரே இடத்துக்குப் போனால் அடிதடி, இறாலும் மிஞ்சாது. அதனால் ஊருக்கு ஊர் முறை, ஊருக்குள் தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு முறை. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்கு வேறு இடம். தன் முறை இல்லாத நாளில் வலையைத் தொட மாட்டார். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம். ஏரிப் பாசனத்தில் மடை திறக்கிற நம்முடைய முறைப் பாசனத்தை அப்படியே தண்ணீருக்குள் இறக்கிவைத்த மாதிரி இருந்தது. கடைமடைக்காரனுக்கும் தண்ணீர் வரவேண்டும் என்கிற அதே கணக்கு.

அவருடைய நாள்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும்தான் பெரிய எழுத்து. அந்த நாட்களை ஒட்டி ஏத்தமும் வத்தமும் பெரிதாக இருக்கும், நீர் இழுக்கும், இறாலும் நகரும். காற்றுக்கு வாடை, கொண்டல், தென்றல் என்று பெயர். 'வெள்ளம்' என்று அவர் சொன்னபோது நான் பெருவெள்ளம் என்று நினைத்தேன், நீரோட்டத்தைச் சொல்கிறார். ஒரு கலையை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கலையாகத் தெரியாது. நாலு மரக்கட்டையைக் கயிறால் பிணைத்துக் கடலில் நிற்கவைத்த கட்டுமரம் என்ற சொல்லைத்தான் இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இப்போது கரையில் எல்லாம் ஃபைபர் படகு.

பழைய முறை எல்லாமே பொன் என்று நான் சொல்ல வரவில்லை. பாடு ஆம்பளைக் கணக்கு. மீனவச் சமூகத்துப் பெண்களுக்கே அதில் பெயர் இல்லை. இருளர்களுக்கு முறையே கிடையாது.

ஆற்றோரமாக நடந்தபோது அந்த இருளர் பெண்களைப் பார்த்தோம். இடுப்பளவுத் தண்ணீரில் நாலு பேர். பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. கால் விரலில் பள்ளம் தட்டுப்பட்டதும் குனிகிறார்கள், இரண்டு பக்கமும் கை அணைகட்டுகிறது, இறால் கூடைக்குள். மணிக்கணக்கில் இப்படி. ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார் இந்தப் பெண்களின் வாழ்க்கையைப் படமெடுத்துப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அவர்களுடைய கைவிரல் எப்படி இருக்கும் என்று தெரியும். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசே வகைப்படுத்தியிருக்கும் ஆறு குடிகளில் இருளர் ஒருவர்.

இந்த ஆற்றங்கரையில் மனிதக் கை எவ்வளவு காலமாக வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சாட்சி உண்டு. பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, அவை 15 லட்சம் ஆண்டு வரை பழையவை என்று 2011இல் அறிவித்தார்கள். அதே ஆற்றின் மறுமுனையில், கருவியே இல்லாத கை.

கரையேறிய ஒருவரிடம் சேறு எப்படி என்று கேட்டேன். உழவன் வேறென்ன கேட்பான்? "சேறு எங்க சார் இருக்கு? சாம்பல்தான் இருக்கு. கால் வெச்சா மாவு மாதிரி போவுது. முன்ன கழுத்தளவு நிப்போம். இப்ப உட்கார்ந்தாதான் நனையுது."

நிலக்கரி எரித்த சாம்பல் அது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970இல் ஓடத் தொடங்கியது, 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின்நிலையம் 1990களில் வந்தது. அதன் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் வழியில் ஒழுகினால் கழிதான் வாங்கிக்கொள்ளும். பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் இதற்கு மின்வாரியமே பொறுப்பு என்று சொல்லி, கழியைச் சீராக்கச் சொன்னது. நம் வயலில் மண்புழு போனால் மண் செத்தது என்போம். இங்கே சேறு மூடிப்போனால் இறால் குஞ்சுக்கு ஒளிய இடம் இல்லை. கணக்கு ஒன்றுதான்.

2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி, கழி முழுக்கப் படர்ந்தது. படகு, வலை, கூழைக்கடா எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா குழாய் கசிந்து, ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். எண்ணெய்க்குப் பிறகு மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் வந்தது. அந்தத் தொகையைப் பெரியவர் சொன்னபோது நண்பரும் நானும் ஒரே நேரத்தில் மனசுக்குள் வகுத்துப் பார்த்தோம் போல, காசாளர் புத்தி. எத்தனை நாள் கூலி என்று எங்களுக்கு விடை வந்தது, இருவரும் வெளியே சொல்லவில்லை.

தாவோஸ் கதையை நண்பர் அங்கேதான் முழுசாகச் சொன்னார். அந்த ஊருக்கு மலைமேல் ஒரு ஏரி, நீல ஏரி. ஆறு அதிலிருந்துதான் ஊருக்குள் வருகிறது. அவர்களுக்கு அதுதான் கோயில். 1906இல் அமெரிக்க அரசு அதைக் காட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டது. பிறகு பணம் தருகிறோம் என்றார்கள். ஊர் வாங்க மறுத்தது. பணம் வேண்டாம், ஏரி வேண்டும் என்று 64 வருஷம் நின்றார்கள். 1970 டிசம்பரில் 48,000 ஏக்கரைச் சட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். எண்ணூரில் முதல் கொதிகலன் புகைய ஆரம்பித்த அதே வருஷம்.

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவுங்க கையில பேப்பர் இருந்துச்சா?"

"இல்ல மாமா. அங்கயே ரொம்ப காலமா இருந்தோம்ங்கிறதுதான் அவுங்க பேப்பர்."

பெரியவர் வலை தைப்பதை நிறுத்தவில்லை.

புறம்போக்கு என்ற சொல்லை வசவாக்கிவிட்டோம். 2017இல் டி.எம். கிருஷ்ணா இந்த எண்ணூரில் நின்றுகொண்டு 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினார். எழுதியது கபேர் வாசுகி. கர்நாடக ராகத்தில் சென்னைத் தமிழ். சபாவில் கேட்கிற காதுக்கும் டீக்கடையில் கேட்கிற காதுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்த பாட்டு அது. அந்தச் சொல்லுக்குப் பொதுச் சொத்து என்ற பழைய பொருளை அது ஊரறியத் திருப்பிக் கொடுத்தது. பதிவேட்டில் இன்னும் மாறவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது, இருளர் பெண்களில் மூத்தவர் கூடையைக் கரையில் வைத்துவிட்டு என்னை விசாரித்தார். பூண்டிப் பக்கம் என்றதும் முகம் மாறியது.

"ஏரி எவ்ளோ இருக்குது சார்?"

35 அடிக்கு இன்னும் நிறைய நிரம்ப வேண்டும், மழை இனிமேல்தான் என்றேன்.

"நீங்க அங்க தொறந்து வுட்டாத்தான் இங்க எங்களுக்கு எறா. உப்பும் நல்ல தண்ணியும் கலக்கணும். கடல் தண்ணியே நின்னா ஒண்ணும் தேறாது."

1944இல் பூண்டி ஏரியைக் கட்டியது சென்னையின் குடிதண்ணீருக்காக. மடை திறந்தால் எங்கள் பக்கத்து உழவர்கள் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைப் பற்றிப் பேசுவோம், கரை உடையுமா என்று பேசுவோம். உபரி நீர் வீணாகக் கடலில் கலந்தது என்று செய்தித்தாள் எழுதும். அந்த வீண் தண்ணீருக்காகத்தான் இந்த அம்மா கார்த்திகை வரை காத்திருக்கிறார். எங்கள் வரப்பிலிருந்து வடிகிற பூச்சிமருந்தும் யூரியாவும் அதே தண்ணீரில்தான் இவருடைய கூடைக்குப் போகிறது. ஆற்றங்கரையில் ரசாயனம் நிறுத்துகிற ஒவ்வொரு ஏக்கருக்கும் கீழே ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதில் வரவு வைப்பவர் யார் என்று நாம் கேட்டதில்லை.

கால் கிலோ இறால் வாங்கினேன். என்னுடைய பையில் இருந்த இரண்டு கிலோ அரிசியை, மகளுக்கென்று கொண்டுவந்தது, நண்பர் பேச்சில்லாமல் எடுத்து அவர் கூடைப் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மா பேத்தியைக் கூப்பிட்டு போனை எடுக்கச் சொன்னார். மடை திறக்கிற அன்றைக்கு ஒரு போன் பண்ணுங்க, முந்தின நாள் தெரிந்தால் இன்னும் நல்லது என்றார். எண்ணைச் சொன்னேன். பெயர் என்ன போடட்டும் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பூண்டின்னு போடு" என்றார் பாட்டி.